மூன்று வாரம் அசையாத நகம்

எனக்குப் பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். கையைப் பார்த்தவர் ஒருவர்தான். மாப்பிள்ளையின் அக்கா. குங்குமம் வைத்து முடித்ததும் என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"இன்னாம்மா இது, நகமே இல்ல? கடிப்பியா?"

"வெட்டுவேன்" என்றேன்.

"இவ்ளோ ஒட்டவா? பாக்கவே ஒரு மாதிரி கீது."

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வயரிங் லைனில் இருந்தேன். காருக்குள் ஓடும் வயர்களைப் பலகையில் வரிசையாகப் பரப்பிக் கட்டுகிற வேலை. வயரின் முனையைக் கனெக்டர் துளைக்குள் செருகி, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை விரல் நுனியால் தள்ள வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை தள்ளுவோம் என்று யாரும் எண்ணுவதில்லை. நகம் வளர்த்தால் வயரின் தோல் கீறும், கீறிய வயர் செக்கிங்கில் திரும்பி வரும், அதோடு சூப்பர்வைசரும் வருவார். அதனால் நாங்கள் எல்லோரும் சதையோடு ஒட்டத்தான் வெட்டுவோம். இதையெல்லாம் பூ வைக்க வந்தவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அவருடைய நகங்களை அன்றுதான் முதலில் பார்த்தேன். பத்தும் ஒரே நீளம், ஒரே வளைவு, மாதுளை முத்தின் நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தன. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது. அண்ணி, அவரை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், படப்பையில் ஒரு மனைப்பிரிவு ஆபீஸின் முன்மேசையில் வேலை பார்த்தார். வருகிறவர்களுக்கு முன்னால் லேஅவுட் படத்தை விரித்து, முள்செடி மட்டும் நிற்கிற இடத்தை அந்த நகத்தால் தொட்டு, "இது பார்க், இது முப்பதடி ரோடு, இது குழந்தைங்க வெளையாடற இடம்" என்று காட்டுவதுதான் வேலை. நகம் தொட்ட இடத்தில் எல்லாம் ஜனங்களுக்கு ரோடும் பார்க்கும் தெரிந்தன. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அண்ணி என்னைப் பார்லருக்குக் கூட்டிப் போனார். தன் பரிசு என்றார். வேண்டாம் என்றேன். "கல்யாணப் பொண்ணு வேணாம்னு சொல்லக் கூடாது" என்றார். யார் சொல்லலாம் என்று கேட்டிருக்க வேண்டும்.

பார்லர் தாம்பரம் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கன்னத்தில் கை வைத்துச் சிரித்தாள். உள்ளே கெமிக்கல் வாடை. எங்கள் லைனில் இந்த வாடை வந்திருந்தால் சேஃப்டி ஆள் ஓடி வந்து முகமூடி கொடுத்திருப்பார். இங்கே ஜூஸ் கொடுத்தார்கள்.

பார்லர்க்காரிக்கு என் வயதுதான் இருக்கும். என் விரல்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இதில் ஒன்றும் பண்ண முடியாது, செயற்கை முனை ஒட்டி அதன்மேல் ஜெல் போட வேண்டும் என்றாள்.

"ஜெல்னா?" என்று கேட்டேன்.

"சாதாப் பாலிஷ் ரெண்டு நாள்ல உதிரும்க்கா. இது அப்டி இல்ல. லைட்டுல காட்னா கல்லு மாதிரி ஆயிடும். மூணு வாரம் அசையாது. பாத்திரம் தேய்க்கலாம், துணி தோய்க்கலாம், இன்னா வேணா பண்ணிக்கலாம்."

மூணு வாரம் என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதற்கும் யாரும் அப்படி உறுதி கொடுத்து நான் கேட்டதில்லை. போட்ட ரோடு முதல் மழை தாங்காது. கம்பெனியில் என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் கான்ட்ராக்ட்டில்தான் இருந்தார்கள். பர்மனென்ட் என்ற சொல்லையே எங்களிடம் யாரும் உச்சரிப்பதில்லை. எல்லாம் ஆடிக்கொண்டிருக்கிற இடத்தில் நகம் மட்டும் அசையாதாம்.

முதலில் என் நகங்களை அரத்தால் சுரண்டினாள். பெயின்ட் அடிக்கும் முன் இரும்பை உப்புத்தாளால் தேய்ப்பார்களே, அதே வேலை. மாவாக உதிர்ந்தது. அது என் நகம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு பிளாஸ்டிக் முனைகளை ஒட்டினாள், வெட்டினாள், பிசின் மாதிரி ஒன்றைப் பூசினாள், ஒரு சின்னப் பெட்டிக்குள் கையை வைக்கச் சொன்னாள். உள்ளே நீல விளக்கு. சில நொடியில் விரல் நுனி எல்லாம் சுரீர் என்று சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"சுடுதா? அப்ப நல்லா புடிச்சிகினு கீதுன்னு அர்த்தம்" என்றாள்.

அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினார். சுடுவது நல்லது, வலிப்பது நல்லது, சுரண்டுவது நல்லது. அந்த மாடியில் எல்லாமே நல்லதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். என் அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. நான் பிறந்தது தொண்ணூற்றொன்றில். அந்த வருஷம் சீமந்தத்துக்கு அம்மாவுக்கு யாரோ நகப்பாலிஷ் பூசிவிட்டார்களாம். தெருவுக்கே ஒரு பாட்டில், பாதி காய்ந்துபோனது. மறுநாள் பாத்திரம் தேய்த்தபோதே ஓரம் உரிந்து, மூன்றாம் நாள் நடுவில் ஒரு பொட்டு மட்டும் மிஞ்சியதாம். பாட்டில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் வருத்தப்படவில்லை. அம்மா அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"இது சரி. கழட்டறது எப்டி?"

பார்லரில் இருந்த அவ்வளவு நேரத்தில் அந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று என் கைகள் எனக்கு உதவவில்லை. ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை. தலையில் குத்திய பின் ஒன்று உறுத்தியது, அதைப் பிடித்து எடுக்க முடியவில்லை. தாரை வார்க்கும்போது விழுந்த நாணயத்தை எடுக்கப் போய் அது தரையில் நழுவிக்கொண்டே போக, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பந்தியில் சாம்பார் சோற்றைப் பிசைந்தால் பருக்கை எல்லாம் நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்த என் கணவர், அப்போதுதான் கணவர் ஆனவர், என்ன ஆச்சு என்று குனிந்து கேட்டார். அவர் மறைமலை நகரில் கார் கம்பெனியில் டெக்னீஷியன். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். "இத ஸ்க்ரூ டிரைவர்ல நெம்பலாமா?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

போட்டோக்காரருக்கு மட்டும் என் கைகள் மேல் அப்படி ஒரு காதல். மாலை மேல் கை, மஞ்சள் கயிறு மேல் கை, அவர் கை மேல் என் கை. ஆல்பத்தில் நான் வருகிற பக்கங்களைவிட என் நகங்கள் வருகிற பக்கங்கள் அதிகம். இன்றைக்கும் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் "கை எவ்ளோ அழகா கீது" என்கிறார்கள். இருக்காதா? அது என் கையே இல்லையே.

ஒரு நன்மை இருந்தது. மறைக்க மாட்டேன். புகுந்த வீட்டுக்குப் போன மறுநாள் காலை மாமியார் பூண்டை முறத்தில் கொட்டி என் முன்னால் வைத்தார். ஒரு பல்லை உரிக்க நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வுடு. நகம் பூடும்."

"பரவால்ல அத்தை."

"எம் பொண்ணு ஆசப்பட்டுப் போட்டு வுட்டது. ஒடஞ்சா என் உசுர எடுப்பா. நீ போய் டீவி பாரு."

அப்படிக் கொஞ்ச நாள் புது மருமகளாக டீவி பார்த்தேன். தேங்காய் துருவ வேண்டாம், கீரை ஆய வேண்டாம், மீன் கழுவ வேண்டாம். அண்ணியும் எங்களோடு அங்கேதான் இருந்தார். மாமியார் பாத்திரம் தேய்த்தபடியே, "ஒண்ணுக்கு ரெண்டு மகாராணிங்க வூட்ல" என்று குழாயிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பார்லர்க்காரி சொல்லாமல் விட்ட ஒரே நன்மை இது. எழுதி மாட்டியிருந்தால் இந்தப் பக்கத்து மருமகள்கள் எல்லோரும் அந்த மாடிப்படியில் வரிசையில் நின்றிருப்பார்கள்.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனேன். கையுறைக்குள் விரல் போகவில்லை. லைன் லீடர் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, டிராமாவுக்குப் போறியா? இத வெச்சிகினு லைன்ல ஏறாத."

என் பக்கத்து ஸ்டேஷனில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். இரக்கத்தோடு என் கையைப் பிடித்தாள்.

"இத வச்சிக்கிட்டு எப்படிக்கா சோறு சாப்பிடுதீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வயர் வெட்டுகிற சைடு கட்டரை எடுத்து, பத்து முனையையும் டக் டக் என்று நறுக்கினாள். கல் மாதிரி ஆகிவிடும் என்று பார்லர்க்காரி சொன்னது பொய்யில்லை. துண்டுகள் எகிறி ஒன்று லைன் லீடரின் சட்டையில் போய் விழுந்தது. முனை போயிற்று. மேலே பூசிய ஜெல் அப்படியே இருந்தது. அதையும் எடுக்க வேண்டும் என்றால் அசிட்டோன் என்ற, பாலிஷைக் கரைக்கிற திரவத்தில் ஊற வைக்க வேண்டும். பார்லருக்குப் போன் செய்தேன். முகூர்த்த நாள் நெருக்கம், அடுத்த வாரம்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். போடுவதற்கு உடனே நாற்காலி கிடைக்கும். கழற்றுவதற்குக் காத்திருக்க வேண்டும்.

மாலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஆள்காட்டி விரலில் ஜெல்லின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததைப் பார்த்தேன். அப்படித் தூக்கிய ஒன்றை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க மனிதப் பிறவியால் முடியுமா? பிய்த்தேன். அழகாக, முழு ஓடாக வந்தது. அதன் அடியில் என் நகத்தின் மேல்பாதியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. படப்பை வருவதற்குள் பத்தையும் பிய்த்து முடித்திருந்தேன்.

மிஞ்சிய நகம் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. வளைத்தால் வளைந்தது. வெந்நீர் பட்டால் எரிந்தது, ஊறுகாய் தொட்டால் கண்ணில் நீர் வந்தது. கனெக்டரைத் தள்ளினால் 'க்ளிக்' சத்தம் வருவதற்கு முன் என் வாயில் 'ஸ்ஸ்' சத்தம் வந்தது. நகம் வளர்ந்து வரும்வரை என்னை லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கொடுப்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வேலை.

அண்ணியிடம் கையைக் காட்டினேன். அவர் என் நகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பிச்சி எடுத்தா அப்டித்தான் ஆவும். ஜெல்லு மேல தப்பு இல்ல. உங்கிட்டதான் பொறும இல்ல."

அன்றிலிருந்து அவரிடம் நகத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். உள்ளுக்குள் மட்டும் பேசிக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த மாடி ஏறுகிறவர், சாப்பாடு பிசையக் கட்டை விரலை ஒதுக்கி வைத்துக்கொள்கிறவர், மிக்ஸி மூடியைத் திறக்கத் தம்பியைக் கூப்பிடுகிறவர், இவருக்கு என்ன வாழ்க்கை என்று நினைத்துக்கொள்வேன். புருஷன் வீட்டை விட்டு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும் இந்தப் பகட்டு போகவில்லையே என்றுகூட நினைத்தேன். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அண்ணி ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தார்.

"ஸ்பூனு இன்னாத்துக்குடி?" என்று மாமியார் கேட்டார்.

"ஆபீஸ்ல எல்லாரும் இப்டித்தான் சாப்புடறாங்க."

ஆபீஸில் மொத்தம் மூன்று பேர். அவர் வலது கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருப்பதைக் கவனித்தேன். இரண்டு நாள் கழித்துப் பின்பக்கக் குழாயடியில் அவர் கை கழுவும்போது பார்த்துவிட்டேன். கட்டை விரலில் ஜெல் அடிப்பக்கம் விட்டு வந்திருந்தது. உள்ளே இருந்த நகம் பச்சை. கழுவாத தண்ணீர்த் தொட்டியின் பாசிப் பச்சை.

"அண்ணி, இன்னா இது?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "கத்தாத. பார்லர்ல காட்டிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"டார்க் கலர் போட்டா தெரியாதாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பார்லர்க்காரி எதிரில் இருந்திருந்தால் குழாயடி வாளியைத் தலையில் கவிழ்த்திருப்பேன். அழுகிப்போன கட்டைக்கு வார்னிஷ் அடித்து விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரலுக்கு அடிப்பதை அப்போதுதான் கேட்டேன்.

"உள்ள தண்ணி பூந்துகினு கீது அண்ணி. மூடி வெச்சா இன்னும் கெட்டுப் பூடும். கழட்டிட்டு டாக்டர்கிட்ட போலாம்."

"ஒண்ணுன்னா பரவால்ல. எல்லாத்தயும் கழட்டச் சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே."

"முடியாது" என்றார். அந்தக் குரலில் பிடிவாதத்தைவிடப் பயம்தான் அதிகமாகக் கேட்டது. நான் அதைப் பகட்டு என்றே கணக்கில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே என் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். கட்டை விரல் வீங்கிச் சிவந்து, நாடி துடிப்பது வெளியே தெரிந்தது. "கழட்டிடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் கணவர் போய் அசிட்டோன் வாங்கி வந்தார். பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலிலும் வைத்து, கணவருக்குச் சப்பாத்தி சுற்றிக் கொடுக்கும் அலுமினியத் தாளைக் கிழித்து மேலே சுற்றினேன். புண்ணான கட்டை விரலை மட்டும் டாக்டருக்கு விட்டுவிட்டேன். கால் மணி நேரம் ஊறியபின் ஜெல் வெந்த தோல் மாதிரி நழுவி வந்தது. இவ்வளவுதான் வித்தை. பொறுமையாக ஊற வைத்தால் வந்துவிடும். அந்த மாடியில் இதைச் செய்யாமல், நேரம் மிச்சம் பிடிக்க மெஷினால் அறுத்து எடுத்துத்தான் அண்ணியின் நகங்களை அப்படி இளைக்க வைத்திருந்தார்கள். ஒன்பது விரலிலும் நகம் என்று சொல்ல ஒரு சவ்வுதான் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். வயதான அம்மாள். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள மீனு கீனு வளக்கறியாம்மா?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி சிரிக்கவில்லை. டாக்டர் கட்டை விரலைச் சுத்தம் செய்து மருந்து போட்டார். கிருமி ஈரத்தில் வளர்ந்தது, சரியாகிவிடும், புது நகம் முழுசாக வருகிறவரை எதையும் பூசக் கூடாது, விரலை மூடி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது எனக்கு உள்ளூர வெற்றி. ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணி டீவி முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கை வாயில் இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. கிட்டே போனபோது பார்த்தேன். நான்கு விரலிலும் நகம் இல்லை, ஓரச் சதை கிழிந்து ரத்தம் பூத்திருந்தது. சேலையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டுகள்.

சமையலறையில் மாமியார் தலை நிமிராமல் சொன்னார். "திரும்ப ஆரம்பிச்சிட்டா. அங்கேர்ந்து வந்த புதுசுல இப்டித்தான். வேப்பெண்ண தடவிப் பாத்தேன், துணி சுத்திப் பாத்தேன், கையில ரெண்டு போட்டுக்கூடப் பாத்தேன். நிக்கல. அந்தப் பாழாப்போன ஜெல்லு போட்டப்புறம்தான் நின்னுது. அதுல பல்லு எறங்கல."

நான் வெளியே வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையை மெதுவாக வாயிலிருந்து எடுத்தேன். அவர் திடுக்கிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார், யாருடையதோ போல.

"கடிக்கறது எனக்குத் தெரியறது இல்லடி. வாயில உப்பு கரிச்சாதான் தெரியும்."

"எப்பலேர்ந்து அண்ணி?"

"அந்த வூட்ல. அந்தாளு வண்டிச் சத்தம் தெருமுனையில கேக்கும். உள்ள வர்றதுக்குள்ள ரெண்டு வெரலு முடிஞ்சிருக்கும்." டீவியைப் பார்த்தபடியே சொன்னார். "வந்துட்டேன். வெரலுக்கு அது தெரியல போல."

முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கி ஆபீஸ்ல மேப்ப எத வெச்சிக் காட்டுவேன்? ரத்தத்தப் பாத்துட்டு எவன் பேசுவான்?" என்று கேட்டார்.

பூ வைக்க வந்த அன்று என் கையைப் பார்த்து அவர் ஏன் 'கடிப்பியா' என்று கேட்டார் என்று அப்போது புரிந்தது. என் ஏளனத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் விரலைத் தானே தின்னாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் பூச வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணமான ஆள் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். அவனை வெறுக்க ஆரம்பித்தேன். அதற்காக ஜெல்லை மன்னிக்கவில்லை. காப்பாற்றுகிற பொருளே விரலை அழுக வைத்தால் அது என்ன காப்பு? அழுகியதை மூட இன்னொரு கோட் அடிக்கச் சொன்னவளை இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் லைனில் டேப் சுற்றுகிறவர்கள் விரல் தேயாமல் இருக்க நுனியில் துணிப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார்கள். மருந்துக் கடையில் ஒரு சுருள் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில், கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன், கட்டை விரலை மட்டும் காற்றுக்கு விட்டுவிட்டு, அண்ணியின் மற்ற விரல்களில் பிளாஸ்திரி சுற்றிவிட்டேன். மாலையில் பிரித்துவிடுவேன். முதலில் பல்லால் அதையே பிய்த்தார். இன்னும் இறுக்கிச் சுற்றினேன். திட்டினார். நானும் திட்டினேன். அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதில்லை, மரியாதையாக வெறுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஆபீஸில் கேட்டவர்களுக்கு அலர்ஜி என்று சொன்னார். பிளாஸ்திரி போட்ட விரலாலும் மனை விற்றது. வாங்குகிறவர்கள் அவர் நகத்தைப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து வெயில் ஏறும்போது கட்டை விரலில் புது நகம் முழுசாக வந்திருந்தது. மற்ற விரல்களும் கடித்தது போக ஏதோ வளர்ந்திருந்தன. கடிப்பது குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை அண்ணி தலை வாரிக்கொண்டே சொன்னார்.

"நான் பார்லருக்குப் போறேன்."

"போவாதீங்க."

"உனுக்கு வேணாம்னா உனுக்கு வேணாம். எனுக்கு வேணும்."

அந்தப் பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்த கெடுதல் எல்லாம் உண்மை. அவருக்குத் தெரிந்த ஒரு நன்மையும் உண்மை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

பார்லர்க்காரி அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நான் நாற்காலியை அவள் மேசைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முனை ஒட்டக் கூடாது. சின்ன நகம்தான். மேல சுரண்டக் கூடாது. ஓரம் தூக்கினா அன்னிக்கே வருவாங்க, நீங்க நேரம் இல்லன்னு சொல்லக் கூடாது. கழட்டறப்ப மெஷின் வைக்கக் கூடாது, ஊற வெச்சித்தான் எடுக்கணும்."

"நீங்க இன்னா டாக்டராக்கா?"

"இல்ல. வயரிங்."

அவளுக்கு அது புரியவில்லை. ஆனால் அரத்தைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அத்தனை நாளில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் கூடப் போகிறேன். நகங்கள் இப்போது சின்னதாக, ரோஸ் நிறத்தில் இருக்கின்றன. அண்ணி கையால் சாப்பிடுகிறார், பூண்டும் உரிக்கிறார், உரித்துவிட்டுக் குறை சொல்கிறார். கம்பெனியில் கல்யாணம் நிச்சயமான பெண்கள் என்னிடம் வந்து ஜெல் நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள். குப்பை என்பேன். பிறகு எப்படிக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். எப்படியும் போட்டுக்கொள்ளத்தான் போகிறார்கள்.

என் பஞ்சையும் அலுமினியத் தாளையும் நானே எடுத்துக்கொண்டு போவதால் பார்லரில் என்னைக் கண்டாலே ஆகாது. போன முறை போனபோது எனக்கு உட்கார நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன்.